காலண்டர் செய்த குழப்பம்

1999ஆம் வருடம். மழை விடாமல் பெய்த வாரம் அது. வேலம்பாளையத்தில் ஜுபைதா படித்த பள்ளியில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான் இருந்தது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் அதில் முறைபோட்டு பைத்தான் என்ற புரோகிராம் மொழியைக் கற்றார்கள்.

ஒரு வேலையைத் தனிக் கோப்பில் எழுதி வைத்தால், பிறகு எந்தப் புரோகிராமிலும் 'இம்போர்ட்' என்று ஒரு வரி போட்டு அதைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். அந்தக் கோப்புக்கு மாட்யூல் என்று பெயர். புதன்கிழமை மாலை ஜுபைதாவும் சொந்தமாக ஒரு மாட்யூல் எழுதினாள். குழாயில் எந்தெந்த நாள் தண்ணீர் வரும் என்று அது சொல்லும். 'காலண்டர்' என்று பெயர் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கடைசியாகப் போனவள் ஒச்சம்மாள்.

மறுநாள் ஒரு புரோகிராமும் ஓடவில்லை. பிறந்த தேதியைத் தட்டினால் கிழமை சொல்லும்படி பிள்ளைகள் எழுதிய புரோகிராம்கள் அவை. சனிக்கிழமை பெற்றோர்கள் பார்க்க வருவதாக இருந்தது.

"நேத்து கடைசியா இருந்தது யாரு?" என்று கேட்டார் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் ரவூப் சார்.

எல்லோரும் ஒச்சம்மாளைப் பார்த்தார்கள். அவள் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஜூன் மாதம்தான் வந்து சேர்ந்தவள்.

"நான் ஒண்ணும் பண்ணல சார். அமத்திட்டுத்தான் போனேன்."

"இனிமே நீ இதைத் தொட வேண்டாம்" என்றார் சார்.

அவள் எழுந்து வராந்தாவுக்குப் போனாள். யாரும் அவளோடு போகவில்லை. ஜுபைதாவும் போகவில்லை.

மதியம் ஜுபைதா தனியாக உட்கார்ந்து, திரையில் வந்த பிழைச் செய்தியை எழுத்துக் கூட்டிப் படித்தாள். காலண்டர் மாட்யூலில் கிழமை பார்க்கும் பகுதியே இல்லை என்றது அது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பைத்தானோடு சேர்ந்து வந்த மாட்யூலுக்கும் காலண்டர் என்றுதான் பெயர்! அதைத்தான் எல்லோரும் கூப்பிட்டிருந்தார்கள். பைத்தானோ பக்கத்திலேயே கிடந்த அவளுடைய காலண்டரை எடுத்துக்கொண்டது. கிழமை கேட்டவர்களுக்குக் குழாய்த் தண்ணீர்தான் கிடைத்தது.

யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தாள். தன் கோப்பின் பெயரைத் 'தண்ணி' என்று மாற்றினாள். ஓட்டிப் பார்த்தாள். அதே பிழை. மறுபடியும் ஓட்டினாள். அதே பிழை.

அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. வராந்தாவுக்குப் போனாள்.

"ஒச்சம்மா, அது நான் பண்ணுனது. என் கோப்புக்கும் காலண்டர்னு பேர் வெச்சுட்டேன், இப்ப மாத்தியும் சரியாகல."

ஒச்சம்மாள் மழையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாமத்தான் பண்ணுனேன். ஆனா காலையில உன் கூட வந்து நிக்காம இருந்தது தெரிஞ்சே பண்ணுனது."

ஒச்சம்மாள் எழுந்தாள். உள்ளே வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கோப்புகளின் பட்டியலை ஒவ்வொரு வரியாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"இந்தா பாரு. காலண்டர்னு இன்னொண்ணு கெடக்கு. கடைசில 'சி' போட்டிருக்கு."

ஜுபைதாவின் மாட்யூலைப் பைத்தான் தானாகவே நகலெடுத்து வைத்திருந்தது. பெயர் மாறியும் அந்தப் பழைய நகல் போகவில்லை. அதை அழித்தார்கள். ஒச்சம்மாள் தன் பிறந்த தேதியைத் தட்டினாள்.

'வெள்ளி' என்றது திரை.

மணி அடித்ததும் வகுப்பின் முன்னால் நின்று ஜுபைதா சொன்னாள்: "சார், தப்பு என்னோடதுங்க. ஒச்சம்மா இல்லீங்க. கண்டுபிடிச்சதே அவதானுங்க."

சாரின் முகம் வாடியது. "விசாரிக்காம சொல்லிட்டேன், கண்ணு. மன்னிச்சுக்க" என்றார் ஒச்சம்மாளிடம். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பின்வரிசையில் இரண்டு பேர் ஜுபைதாவை முறைத்தார்கள்.

சாயங்காலமும் மழை நிற்கவில்லை. ஜுபைதா குடையை விரித்தாள். ஒச்சம்மாளிடம் குடை இல்லை.

"இன்னும் கோவமா?"

"ஆமா" என்றாள் ஒச்சம்மாள். சொல்லிவிட்டுக் குடைக்குள் வந்தாள்.