நாலு விரக்கடை வெளிச்சம்

“கண்ணு தெரியலையா உங்களுக்கு?”

உத்தமபாளையம் கடைத்தெருவில், கொட்டும் மழையில், எதிரே வந்தவன் தோளிலிருந்த டியூப்லைட் நழுவி விழுந்து நொறுங்கியது. விவசாய ஆபீசில் காட்ட முக்காட்டுக்குள் அணைத்து வந்த நாற்றுத் தட்டை மட்டும் சாஜிதா நழுவ விடவில்லை.

“இடிச்சதும் நீங்க... கேக்குறதும் நீங்களா?” எலெக்ட்ரிக் கடை ரியாசுதீன் சிரித்தான். மழை சொட்டும் இமைமுடிகள்... ஐயோ, ஆம்பளைக்கு இவ்வளவு நீளமா!

அதற்குள் அவன் தட்டைப் பார்த்துவிட்டான். அடைமழைக்குப் பயந்து அறைக்குள் வளர்த்த குடைமிளகாய் நாற்றுகள் வெளிறி, நூல் நூலாய்த் துவண்டு கிடந்தன.

“இதுக்கு லைட்டை எங்கன மாட்டிருக்கீக?”

“எல்லாரும் மாட்டுற மாதிரி... சுவத்து உச்சியில.”

“அது நாத்துக்குப் போட்ட லைட்டு இல்லைங்க. பல்லிக்குப் போட்டது! நாத்துக்கு நாலு விரக்கடை மேல தொங்கவிடுங்க. அது வளர வளர ஏத்துங்க. ராத்திரி அணைச்சிருங்க, அதுவும் தூங்கணும்ல?”

“எங்களுக்கும் தெரியும்!”

வெடுக்கென்று திரும்பினாள். வீட்டில் போட்டிருந்த கடைசி விதைகள் நேற்றுத்தான் முளைத்திருந்தன. அவையும் போனால் குமுளி மாப்பிள்ளைக்குத் தலையாட்ட வேண்டும்... அவளைப் பெற்ற அத்தா போட்ட நிபந்தனை அது.

அன்றே சங்கிலி போட்டு விளக்கை இறக்கினாள். விரல் வைத்து அளக்கும்போதுதான் பயம் பிடித்தது. யார் விரல்? அவன் விரல் முருங்கைக்காய். இவளுடையது வெண்டைப்பிஞ்சு. உயரம் குறைந்து இலை கருகிவிட்டால்? போய்க் கேட்கலாம்தான்... ‘தெரியும்’ என்று வாய் முந்திவிட்டதே! ரோஷம் காலைக் கட்டியது. தினமும் இலை இலையாகத் தொட்டுப் பார்த்தாள். கரண்ட் போகும்போதெல்லாம் உயிரும் போய் வந்தது.

பதினெட்டாம் நாள் அத்தா முகைதீன் தட்டின் மேல் குனிந்தார். சாஜிதா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“ஏ ஆத்தா... தண்டு என்ன இந்தத் தடி! சரி, குமுளிக்காரகளுக்கு வேணாம்னு சொல்லிப்புடுறேன்.”

குடையை மறந்து கடைக்கு ஓடினாள்.

“அந்த நாலு விரக்கடை... உங்க விரலுக்கா, என் விரலுக்கா?”

அவன் முகத்தில் சிரிப்பில்லை. ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

“உங்க விரலுக்குத்தான். அன்னைக்குத் தட்டைப் பிடிச்சிருந்த விரலைப் பாத்துத்தான் சொன்னேன்... குமுளிப் பேச்சு காதுல விழுந்ததுல இருந்து எனக்கு உறக்கமில்லைங்க. நாத்து பொழைக்கலைன்னா...”



அவள் முக்காட்டு நுனியை அதே விரல்களால் இறுகப் பற்றிக்கொண்டாள்.

“எங்க அத்தாகிட்ட வந்து கேளுங்க. எனக்கும் பயமாத்தான் இருக்கு... நாலு விரக்கடைக்கு மேல தள்ளிப் போயிராதீக.”