சிவப்பு அங்கியின் முன்விளிம்பு

தையல்காரரின் மகளுக்குக் குண்டூசி என்று பட்டப்பெயர். ஆள் ஒல்லி. அதோடு, எதிரில் இருப்பது யாரென்று பார்க்காமல் சுருக்கென்று ஒரு கேள்வி கேட்டுவிடுவாள்.

அன்று காலையிலிருந்தே அந்த வீட்டில் யாருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. முன்னறைதான் தையல் கடை. அங்கே மேசை மேல் ஒரு சிவப்பு அங்கி விரிந்திருந்தது. அப்பா அதை நீவினார். தள்ளிப் போய் நின்று பார்த்தார். திரும்பி வந்து மறுபடியும் நீவினார்.

அது ஊர்ப் பேராயருக்கு உரிய அங்கி. திருத்தந்தை அவரைக் கர்தினாலாக அறிவித்திருந்தார். திருத்தந்தைக்கு ஆலோசனை சொல்வது, அடுத்த திருத்தந்தையைத் தேர்ந்தெடுப்பது எல்லாம் கர்தினால்களின் வேலை. மறுநாள் காலையில் அவர் விமானம் ஏற வேண்டும். விழாவில் படியேறிப் போய், மண்டியிட்டு, சிவப்புத் தொப்பியை வாங்கிக்கொள்ள வேண்டும். தொலைக்காட்சியில் உலகமே பார்க்கும்.

"இளம் சாமியாரா இந்த ஊருக்கு வந்தப்ப, கறுப்பு அங்கி நான்தான் தைச்சேன். ஆயர் ஆனப்ப ஊதா. இப்ப சிவப்பு!" என்றார் அப்பா.

"அப்ப அடுத்தது வெள்ளையாப்பா?"

கர்தினாலுக்கு அடுத்த படி, வெள்ளை அங்கி உடுத்தும் திருத்தந்தைதான். அப்பா பதறிப்போய் வாசலைப் பார்த்தார். "ஏய், வாயை மூடு! அவர் வர நேரம்!"

சொல்லி முடிக்கவில்லை, பேராயர் வந்துவிட்டார். கூடவே செயலாளரான இளம் குருவானவர், கையில் இரண்டு கைபேசிகளுடன்.

பேராயர் அங்கியைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் விறைப்பாக நின்றார். விளிம்பு ஷூவின் மேல் கச்சிதமாக நின்றது.

"அளவுன்னா இதுதான் அளவு!" என்று செயலாளர் கைதட்டினார். அப்பாவின் முகம் பூவாக மலர்ந்தது.

அதற்குள் கைபேசி ஒலித்தது. பேராயருக்கு நின்று பேசும் பழக்கம் கிடையாது. பேசிக்கொண்டே அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நடக்கத் தொடங்கியதும் முதுகு வளைந்தது. அங்கியின் முன்பக்கம் தரையைக் கூட்டியது. நாலாவது எட்டில் விளிம்பு காலுக்கடியில் சிக்கிக்கொண்டது. பேராயர் தடுமாறித் தையல் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"தரை வழுக்குது," என்றார் செயலாளர்.

"ஆமாமா, மிஷின் எண்ணெய் சிந்தியிருக்கும்," என்றார் அப்பா.

குண்டூசி தரையைத் தொட்டுப் பார்த்தாள். துளி எண்ணெய் இல்லை. 'எங்கே எண்ணெய்?' என்று கேட்க வாயெடுத்தவள், பேராயரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அவர் கண்கள் அந்த விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தன.

"இன்னொரு தடவை அளந்துடலாம், ஆண்டகை," என்றார் அப்பா.

பேராயர் மறுபடியும் விறைப்பாக நிமிர்ந்தார். டேப்பை வைத்துப் பார்த்தால், நூலிழை கூடப் பிசகவில்லை!

அப்பா மகளைத் துணி அலமாரிப் பக்கம் இழுத்தார். "அளக்கும்போது நிமிர்ந்துடறார். நடக்கும்போது வளைஞ்சுடறார். உங்களுக்குக் கூன் விழுந்திருக்குன்னு நான் எப்படிம்மா சொல்றது?"

"விழாவுல விழுந்துட்டா?"

அப்பா டேப்பைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடியும் சுருட்டினார்.

குண்டூசி நேரே பேராயரிடம் போனாள். "சாமி, பள்ளிக்கூட நாடகத்துல நான் ராணியா நடிச்சேன். நிக்கும்போது பாவாடை சரியா இருந்துச்சு. மேடையில ஓடினப்ப தடுக்கி, ராஜா மேலேயே விழுந்துட்டேன்."

பேராயருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்புறம்?"

"நான் முன்னால சாஞ்சு ஓடுற ஆளாம். அடுத்த நாள் அப்பா என்னை ஓடவிட்டு அளவெடுத்தார். நீங்களும் நடந்துகிட்டே அளவு கொடுங்களேன்."

பேராயர் அவள் பக்கம் குனிந்தார். "நான் எப்படி நடக்கிறேன், சொல்லு."

"கீழே விழுந்த காசைத் தேடுற மாதிரி."

"குண்டூசி!" என்று அப்பா அலறினார்.

பேராயர் கையமர்த்தினார். "சரியாத்தான் சொல்றா. நான் போய் வந்ததெல்லாம் வாசல் உயரமில்லாத வீடுங்க. குனிஞ்சு குனிஞ்சு நுழைஞ்சதுல முதுகுக்கு அதுவே பழகிப்போச்சு. ஒரு வாரமாத் தூக்கம் இல்லம்மா. அந்தப் படியில விழற மாதிரியே கனவு வருது."

"ஆனா ஆண்டகை," அப்பா தயங்கினார், "முன்பக்கம் குறைச்சா, நிமிர்ந்து நிக்கும்போது தூக்கிக்கிட்டு நிக்கும். போட்டோவுல..."

"நிமிர்ந்து நிக்கவா போறேன்? மண்டி போடத்தானே போறேன். கத்தரியை எடுங்க!"

அவ்வளவுதான், கடை களைகட்டியது. பேராயர் நடந்தார். அப்பா சாக்பீஸோடு ஒரு பக்கம் தவழ்ந்தார். குண்டூசி மறுபக்கம் தவழ்ந்தாள். நடுவில் கைபேசி ஒலிக்க, பேராயர் நின்றார்.

"நிக்காதீங்க, நடங்க!" என்று அதட்டிய பிறகுதான், யாரை அதட்டினோம் என்பது அப்பாவுக்கு உறைத்தது. பேராயரோ, "இதோ, இதோ," என்று மறுபடியும் நடந்தார். விளிம்பு தைத்து முடியும்வரை அவர் போகவில்லை. வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்.

விழா நாளில் வீடே தொலைக்காட்சி முன் கூடியது. அப்பா மட்டும் உட்காரவில்லை.

பேராயர் படியில் கால் வைத்தார்.

"அவர் முகத்தைப் பாருங்க, எவ்வளவு சந்தோஷம்!" என்றாள் அம்மா.

"முகத்தை உலகமே பார்க்குது. விளிம்பை நான்தானே பார்க்கணும்?"

முதுகு வளைந்தபடியே, தன் வழக்கமான வேகத்தில் அவர் ஏறினார். மண்டியிட்டார். சிவப்புத் தொப்பி தலையில் ஏறியது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்பவாவது உட்காருங்கப்பா," என்றாள் குண்டூசி.

"இரு, இன்னும் இறங்கணுமே!"

புதிய கர்தினால் எழுந்தார், திரும்பினார், ஒரு கையை யாருக்கோ ஆட்டிக்கொண்டே படபடவென்று இறங்கினார். கடைசிப் படியையும் தாண்டித் தரைக்கு வந்துவிட்டார்.

அப்பா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.