கலவைமானி காட்டிய பச்சை

கலவைமானி அன்றைக்கும் பச்சைதான் காட்டியது. கைக்கடக்கமான அந்தக் கருவியை எதன் மீது வைத்தாலும், அதில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று கணித்து, உள்ளமைப்பு இப்படித்தான் இருக்கும் என்று படமும் வரைந்துவிடும். சுரங்கம் தோண்டும் சக்கரத்தின் பல்லில் டங்ஸ்டன் கார்பைடு துகள்களும், அவற்றை ஒட்டிப் பிடிக்கும் கோபால்ட்டும் இம்மி பிசகாமல் இருந்தன. ஆனாலும் கடலடிச் சுரங்கத்தில் பல் உடைந்துகொண்டே இருந்தது.

பல் உடைந்தால் சக்கரத்தை நிறுத்தி, அதற்கு முன்னால் ஓர் ஆள் ஊர்ந்துபோய் மாற்ற வேண்டும். மண் சரிந்தால் ஆள் திரும்ப மாட்டான். அந்த ஆள், பல் செய்யும் ஆலையின் தர அதிகாரி பூங்கோதையின் கணவன் சென்னியப்பன். அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சந்தேகப்பட ஆள் தயாராக இருந்தான். கலவைமானியை மனிதர்கள் மீதும் வைக்கிற காலம் அது. ரத்தத்தைக் கணக்குப் போட்டே குணத்தைச் சொல்லிவிடும். தூளை உலையில் சுட்டுப் பல்லாக்கும் உலைக்காரன் காளிச்சாமிக்குச் சிவப்பு. அவன் சிரித்தாலும் அவளுக்கு உறுத்தியது, சிரிக்காவிட்டாலும் உறுத்தியது.

"தூள்ல என்னத்தக் கலந்தே?" என்று கேட்டாள்.

"நா எதையும் கலக்கலீங்க மேடம்."

திருடன் வேறெப்படிச் சொல்வான்? அன்றே அவனை வேலையை விட்டு அனுப்பினாள். அத்தாட்சிக்காக ஒரு பல்லை அறுத்து, முகம் தெரியும்படி மெருகேற்றி, மூலையில் கிடந்த நுண்ணோக்கியைத் துடைத்து அதில் வைத்தாள். கலவைமானி வந்த பிறகு யாரும் செய்யாத வேலை.

வேற்றுப் பொருள் ஒன்றும் இல்லை. ஆனால் கோபால்ட் ஓரிடத்தில் குளமாகத் தேங்கிக் கிடந்தது. வேறிடத்தில் அது எட்டாமல் துகளோடு துகள் வறண்டு முட்டிக்கொண்டு, அங்கெல்லாம் விரிசல். உப்பை அளவாகப் போட்டும் கரைத்துவிடாத இட்லி மாவு மாதிரி. அரவைப் பீப்பாயில் மூன்று நாள் அரைபட வேண்டிய தூள் அது. கலவைதான் சரியாக இருக்கிறதே, வெட்டியாக எதற்கு என்று ஒரே நாளாகக் குறைத்தது அவள்தான். அவமானத்தில் அவளுக்குக் காது சுட்டது.

பல்லை எடுத்துக்கொண்டு நேரே நிர்வாகி ரங்கராஜிடம் போனாள். "தப்பு என்னுதுங்க சார். காளிச்சாமியத் திரும்பக் கூப்புடுங்க. பல்லையெல்லாம் உடனே திருப்பி வாங்கோணும்."

அவர் கலவைமானியைப் பல்லின் மீது வைத்தார், பச்சை. அவள் மணிக்கட்டில் வைத்தார், அதுவும் பச்சை.

"பல்லும் சரி, நீங்களும் சரி. செவப்பு வந்த ஆளயும் அனுப்பியாச்சு. அவன் மேல எரக்கப்பட்டுப் பழிய நீங்க ஏத்துக்காதீங்க மேடம்."

அவள் சென்னியப்பனைப் போனில் பிடித்தாள். இன்னொரு பல் உடைந்து, மாற்றப் போய்க்கொண்டிருந்தான்.

"போகாதீங்க. அந்தப் புதுப் பல்லு உள்ளுக்குள்ள சரியில்லீங்க."

"வெச்சுப் பாத்துட்டேன் புள்ள, பச்சைதான். பச்ச வந்தா சந்தேகப்படக் கூடாதுன்னு நீதான சொல்லுவே?"

போனை அணைக்க மறந்துவிட்டான். அவன் சக்கரத்துக்கு முன்னால் ஊர்ந்துபோகும் சத்தம் அவளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.