மிளகு வீட்டில் நாற்பது தெருவிளக்கு

கணினி அறையில் டீச்சர் நகராட்சியின் புதுப் பக்கத்தைத் திறந்து காட்டினார்.

"நம்ம வரிப்பணத்துல எங்கெங்க என்னென்ன கட்டினாங்கன்னு இனிமே யார் வேணும்னாலும் பாக்கலாம். வரைபடத்துல ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பச்சைப் புள்ளி. உங்க தெருவைத் தேடுங்க, பாக்கலாம்."

மிளகு தேடினாள். உருவத்தில் சின்னவள், பேச்சில் காரமானவள் என்பதால் வீட்டில் வைத்த பெயர் அது. பள்ளியிலும் அதுவே நிலைத்துவிட்டது.

ஊர் முழுக்க ஒரு புள்ளிகூட இல்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் புள்ளிகள் ஈ மொய்ப்பதுபோல் மொய்த்துக் கிடந்தன. அவள் பெரிதாக்கிப் பார்த்தாள்.

அது அவள் வீடு.

"ஏய்! இவ வீட்டுல நாற்பது தெருவிளக்கு இருக்குடா!" என்று பக்கத்தில் இருந்த நெட்டையன் கத்தினான். "மூணு கழிப்பறை! ரெண்டு பஸ் நிழற்குடை!"

வகுப்பே சிரித்தது. மிளகுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பக்கத்தில் விவரங்களை ஏற்றுபவர் அவள் அப்பா.

அவள் வீட்டுக்கு ஓடினாள். வாசலில் கூட்டம். செய்தி அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"நிழற்குடையை எங்கப்பா வச்சிருக்கே? மொட்டை மாடியிலயா?" என்றாள் தையல்கார அத்தை.

"விளையாட்டு இல்லம்மா இது," என்று எதிர்வீட்டு மாமா உறுமினார். "நாம கட்டின வரி. மனுஷன் எல்லாத்தையும் சுருட்டிட்டாரு. பூனை மாதிரி இருந்துக்கிட்டு!"

அப்பா கதவைப் பிடித்தபடி நின்றார். முகம் வெளுத்திருந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

அப்போது அவர் போன் அடித்தது. அலுவலக மேலாளர். கூட்டத்துக்கே கேட்கும் குரல்.

"மானத்தை வாங்கிட்டியேய்யா! இதுக்குத்தான் எதையும் வெளியில காட்டாதீங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். திங்கட்கிழமை பக்கத்தை மூடுறேன். உன் வேலைக்கும் வேற ஆளைப் பாக்கிறேன்."

அப்பா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மிளகு கதவைச் சாத்தினாள். அப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

"அப்பா, நீங்க எப்படி ஏத்துவீங்கன்னு எனக்குச் செஞ்சு காட்டுங்க."

அப்பா போனை எடுத்தார். "வேலையோட பேரு, எந்தத் தெருன்னு சேர்த்து. செலவு. முடிஞ்சுதா இல்லையா. அப்புறம் 'இடம்'னு ஒரு பொத்தான். அதை அழுத்தினா இடம் தானா பதிவாகும்னு சொன்னாங்க."

"எங்க உக்காந்து அழுத்தினீங்க?"

"இங்கதான். இந்த மேசையில."

சொன்ன வேகத்திலேயே அப்பா நிமிர்ந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அம்மா இல்லாத வீடு. மிளகு தனியாக இருக்கக் கூடாது என்று அப்பா மாலை வேலையை வீட்டுக்கே கொண்டுவந்துவிடுவார். தெருவிளக்கு எங்கே எரிந்தால் என்ன? போன் இருந்த இடத்தைத்தான் பொத்தான் பதிவு செய்திருக்கிறது.

மிளகு கதவை அகலத் திறந்தாள். கூட்டம் இன்னும் கலையவில்லை.

"மாமா, உங்க கையில போன் இருக்கா?"

"இருக்கு. எதுக்கு?"

"அப்பா எடுத்துட்டாருன்னு சொன்னீங்கல்ல? எல்லாம் இருக்கா இல்லையான்னு நீங்களே போய்ப் பாருங்க. எது இருக்கோ, அது பக்கத்துல நின்னு படம் பிடிச்சு, அந்த இடத்தை எங்களுக்கு அனுப்புங்க."

"எனக்கு வேற வேலை இல்லையா?"

"கத்துறதுக்கு மட்டும் நேரம் இருந்துச்சே!" என்ற தையல்கார அத்தை, ஸ்கூட்டரைக் கிளப்பினாள். "ஏறுங்க பின்னால!"

நெட்டையன் சைக்கிளில் ஒரு படையையே கூட்டி வந்தான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஊர் சுற்றினார்கள். படங்கள் வந்துகொண்டே இருந்தன. அப்பா திருத்தத் திருத்த, புள்ளிகள் வீட்டை விட்டு ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. கழிப்பறைப் படத்தில் மாமா மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்.

ஞாயிறு மாலை ஒரே ஒரு புள்ளி மிச்சம் இருந்தது.

"சிறுவர் படிப்பகம், மீன் சந்தைக்குப் பின்புறம். முடிந்தது," என்று அப்பா படித்தார்.

எல்லோரும் சேர்ந்தே போனார்கள். சந்தைக்குப் பின்னால் ஒரு குட்டை, உடைந்த கூடைகள், ஒரு பூனை. வேறொன்றும் இல்லை.

"படிப்பகமா?" மீன்காரம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "இங்கயா? ஒரு செங்கல்கூட நான் பாக்கலியே!"

மாமாவின் வாய் திறந்தபடியே இருந்தது.

அங்கேயே அப்பா மேலாளரை அழைத்து நடந்ததைச் சொன்னார். இந்த முறை அவர் குரல் இறங்கி வந்தது.

"சரிப்பா, தப்பெல்லாம் திருத்திட்டே, சந்தோஷம். அந்த ஒண்ணை மட்டும் அழிச்சிடு. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

மேலாளர் போனை வைத்துவிட்டார். அப்பா அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழிச்சிட்டா நம்ம வேலை பொழைக்கும்," என்றார் மெதுவாக.

அப்பாவுக்கு வேலை வேண்டும். அது மிளகுக்குத் தெரியாதா?

"அழிச்சிட்டா அது நம்ம வீட்டுல இல்லேன்னு ஆயிடும்பா. ஆனா எங்கயுமே இல்லேன்னு யாருக்குத் தெரியும்?"

அப்பா அவள் தலையில் கை வைத்தார். பிறகு குட்டையின் ஓரமாக நடந்து போய் நின்றார். பொத்தானை அழுத்தினார். படம் எடுத்தார். படத்தில் பூனையும் விழுந்தது. 'முடிந்தது' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'நேரில் பார்த்தோம், கட்டடம் இல்லை' என்று எழுதினார்.

திங்கட்கிழமை மேலாளரின் அறையில் தெருவே நின்றது. மேலாளர் கணினியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார்.

"இவரை வேலையை விட்டு எடுத்தீங்கன்னா, அதையும் ஊருக்கே சொல்லுவோம் சார்," என்றாள் தையல்கார அத்தை.

"நான் முன்னாடி பேசினது தப்புதான்," என்று மாமா அப்பாவிடம் முணுமுணுத்தார். பிறகு மேலாளர் பக்கம் திரும்பினார். "பக்கத்தை மட்டும் மூடிப் பாருங்க!"

பக்கம் மூடப்படவில்லை. அப்பாவின் நாற்காலியும் அங்கேயே இருந்தது. படிப்பகம் கட்டப் பணம் வாங்கிய ஒப்பந்தக்காரரை விசாரணைக்கு அழைத்தார்கள்.

அடுத்த மாதம் மீன் சந்தைக்குப் பின்னால் ஒரு செங்கல் லாரி வந்து நின்றது. மிளகு அப்பாவின் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"என்ன பாப்பா பண்றே?" என்று கேட்டார் லாரி ஓட்டுநர்.

"படம் எடுக்கிறேண்ணா. ஊரே பாக்கும்."

ஓட்டுநர் அவசரமாகத் தலையை வாரிக்கொண்டு, செங்கல் பக்கத்தில் நிமிர்ந்து நின்றார்.