எச்சில் விதை

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. காலை மடக்கிக்கொள்ளுங்கள், விளக்கு எரியட்டும். ஒரு தையல்காரி வீட்டில் மாதுளை முளைத்த கதை சொல்கிறேன். பயந்தால் என் மடி இருக்கிறது.

அவள் சமையலறை ஜன்னலில் ஒரு மண்தொட்டி. அதில் மாதுளங்கன்றுகள், சிவந்த தண்டும் குட்டி இலைகளுமாக. முளைத்ததில் அதிசயமில்லை. செடி என்றால் வெளிச்சத்தைப் பார்த்துத்தானே சாயும்? இவை ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுக்குள் சாய்ந்திருந்தன. தொட்டியைத் திருப்பி வைத்தாள். ஊசி கோத்து ஒரு சட்டைக்குக் கை வைத்து முடிப்பதற்குள் மறுபடியும் உள்ளே திரும்பிவிட்டன, மாமியார் படுத்திருக்கும் அறைப் பக்கம்.

அவளுக்குக் காது மடல் சுட்டது. பயத்தில் அல்ல. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அதில்.

மாமியாருக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிருந்தது. ஒரு கையும் கண்ணும்தான் மிச்சம். நாத்தனார் ஒரு மாதுளம்பழம் கொண்டுவந்து, "அம்மாவுக்குப் பிழிஞ்சு கொடுங்க அண்ணி" என்று வைத்துவிட்டுப் போனாள். கிழவியின் கண் அந்தப் பழத்தின் பின்னாலேயே சமையலறை வரை வந்தது. இவளும் பிழியத்தான் உடைத்தாள். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத வயிறு. ஒரு முத்துதானே என்று வாயில் போட்டவள், கதவுக்குப் பின்னால் நின்று, சத்தம் வராமல் சப்பிச் சப்பி, முழுப் பழத்தையும் தின்று தீர்த்தாள். விதை குப்பையில் கிடந்தால் தெரிந்துவிடுமே என்று தொட்டியில் துப்பி, விரலால் மண்ணுக்குள் அழுத்தினாள். வாய் வாசனை காட்டிக்கொடுக்குமோ என்று கதவுக்குப் பின்னாலேயே நின்று உள்ளங்கையில் ஊதி முகர்ந்தாள்.

"உள்ள ஒரே அழுகல், அத்தை" என்றாள் போய்.

கிழவி அவள் உதட்டையே பார்த்தாள். உதடு சிவந்திருந்தது.

முளை தெரிந்ததும் புருஷன் பூரித்துப்போனான். "அம்மாவுக்காகப் போட்டியா?" "ஆமா" என்று வாய் முந்திக்கொண்டது. அவ்வளவுதான், தெரு முழுக்க அவள் பெருமை. நாத்தனாரும் பார்க்க வந்தாள்.

"அண்ணி கைராசிக்குக் கல்லை நட்டாலும் முளைக்கும்! ஆமா, மேல இருக்கிற சதையைத் துணியில தேய்ச்சு எடுத்துட்டுத்தானே போடணும்? இல்லன்னா எறும்பு விடாதே. நீங்க எதுல எடுத்தீங்க?"

"கழுவி... கழுவித்தான்."

"நெருக்கமா வேற இருக்கு. நல்லதா ஒண்ணை விட்டுட்டு மத்ததைக் கிள்ளிடுங்க. பாவம் பார்த்தா எதுவும் தேறாது."

அண்ணனும் தங்கையும் மருந்து வாங்கக் கிளம்பினார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. சாயங்காலமே வீட்டுக்குள் இருட்டு கட்டிவிட்டது. ஓட்டில் விழும் தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் அவள் மூச்சு அவளுக்கே பெரிதாகக் கேட்டது. முதல் கன்றைக் கிள்ளினாள்.

உள்ளறையில் "ம்ம்" என்று ஒரு முனகல்.

நகத்தடியில் பிசுபிசுப்பு. முகர்ந்தாள். செடி வாசனை இல்லை. பழம் தின்ற வாயின் வாசனை. கதவுக்குப் பின்னால் நின்று அன்று உள்ளங்கையில் ஊதிப் பார்த்தாளே, அதே வாசனை.

இன்னொன்றைக் கிள்ளினாள்.

"ம்ம்."

பிறகு வேறு சத்தம். சப்புகிற சத்தம். மெதுவாக. ஒளிக்காமல். ருசித்து.

சொல்லிவிடலாம். அவர்கள் வருவதற்குள். காலைப் பிடித்தாவது.

அறைக்குள் போய்க் கட்டிலோரம் மண்டியிட்டாள். "அத்தை... அந்தப் பழம் அழுகல. நான்தான்..."

கிழவி முகத்தைத் திருப்பினாள். கோபமில்லை. கன்னம் மட்டும் உப்பியிருந்தது. அசைகிற கையால் சைகை காட்டினாள்: நீட்டு.

நீட்டினாள்.

வாய் திறந்தது. ஒரு விதை விழுந்தது. சுத்தமாகச் சப்பிய வெள்ளை விதை. சூடாக.

இன்னொன்று.

இன்னொன்று.

இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாள். நிறைந்தது. மடியில் வழிந்தது. நிற்கவில்லை. தண்ணீருக்கே புரையேறும் கிழவிக்கு மூச்சு வாங்கவில்லை. பிள்ளைக்கு ஊட்டுகிறவள் மாதிரி, கனிந்து, அவள் கண்ணைப் பார்த்தே துப்பினாள்.

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம். "அம்மா, மருந்து வந்தாச்சு."

இன்னொன்று.

மடியை மூட அவளிடம் கை இல்லை.

கதவு திறந்தது.

போதும், எழுந்திருங்கள், கண்ணுகளா. கேட்கிற வாய்க்குக் கொடுக்கிற கையும், கொடுக்கிறவள் சாப்பிட்டாளா என்று கேட்கிற மனசும் உங்கள் வீட்டில் என்றைக்கும் குறையாமல் இருக்கட்டும்.