இரண்டு கறுப்புப் பட்டைகள்

பொம்மைக்காரம்மாவுக்கு மூச்சு வாங்கியது படியேறியதால் அல்ல, கோபத்தால். உட்காரச் சொல்வதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். புதுப் பொம்மைகளை வடிவமைப்பது அவர் தொழில். வாலைத் திருகினால் ஓடும் ஆமையும், கயிற்றில் தலைகீழாக ஏறும் குரங்கும் அவருடைய பட்டறையில் உருவாவதற்கு முன்பே போட்டிக் கம்பெனியின் கடையில் வந்து உட்கார்ந்துவிட்டன. இப்போது கொட்டாவி விடும் யானையை வரைந்துகொண்டிருந்தார். அதுவும் பறிபோனால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"லேப்டாப்புல இன்டர்நெட்டே கிடையாது. வேலை முடிஞ்சதும் அலமாரியில வச்சுப் பூட்டிடுவேன். இன்னொரு சாவி என் தம்பிகிட்ட மட்டும்தான் இருக்கு. இன்னைக்கு அவனை வெளியே அனுப்பப் போறேன். அதுக்கு முன்னாடி உறுதியா தெரிஞ்சுக்கணும்."

 அவர் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி அவன்.

துப்பறிவாளரை எல்லோரும் 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய மச்சானுக்குப் 'பரபரப்பு' என்று பெயர் வைத்ததும் அதே ஆட்கள்தான். பரபரப்பைப் பொறுத்தவரை கேஸ் அப்போதே முடிந்துவிட்டது. சாவி தம்பியிடம், எனவே திருடன் தம்பி. அத்தான் செருப்பை மாட்டி முடிக்கும்வரை அவன் வாசலில் நிலைகொள்ளாமல் தவித்தான்.

பட்டறையில் பொம்மைக்காரம்மாவின் அறை சின்னது. மேஜையில் லேப்டாப்பும் அதன் பக்கத்தில் ஒரு கறுப்பு டாக் பெட்டியும் இருந்தன. மவுஸ், கீபோர்டு, பிரின்டர் என்று எல்லா வயர்களும் அந்தப் பெட்டியில் வந்து சேர, அதிலிருந்து ஒரே ஒரு வயர் லேப்டாப்புக்குப் போயிற்று. வசதியாக இருக்கட்டும் என்று அதை வாங்கி மாட்டிக் கொடுத்தவர் பக்கத்து அறையிலிருக்கும் பங்குதாரர். வயர்கள் கத்தையாக அலமாரிக்குப் பின்னால் போய் மறைந்தன. திரையில் யானை மங்கலாகத் தெரிந்தது. அதன் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டைகள்.

அம்மா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். ஆமை திருடு போவதற்குக் கொஞ்சம் முன்பிருந்தே கண் கெட்டுவிட்டதாம். கண்ணில் கோளாறே இல்லை என்று டாக்டர் அடித்துச் சொன்னாராம். இவர்தான் பிடிவாதமாகக் கடைக்குப் போய்க் கண்ணாடி வாங்கியிருக்கிறார்.

"தம்பிகிட்ட சொன்னீங்களா?" என்றார் நிதானம்.

"சொன்னேன். 'கண்ணு நல்லாத்தான் இருக்கும், லேப்டாப்பைக் குடுக்கா, நான் பாக்கறேன்'னான். அதைத் தொட அவனுக்கு எவ்வளவு ஆசை பாருங்க. அன்னைக்குத்தான் எனக்குச் சந்தேகமே வந்தது."

பக்கத்து அறையில் பங்குதாரர் தேன் ஒழுகப் பேசினார். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தைகூடத் தப்பாகச் சொல்லவில்லை, பெருமூச்சு மட்டும் விட்டார். பரபரப்பு மூலையிலிருந்த பழைய சதுர மானிட்டர் மேல் சாய்ந்தான். அது செத்துப் பல காலமாகிறது, தூக்கிப் போட வேண்டும் என்றார் பங்குதாரர். அதன் திரையும் இருட்டாகத்தான் இருந்தது. ஆனால் பரபரப்புக்குக் கை சுட்டது. வெயிலோ என்று பார்த்தால் ஜன்னல் எதிர்ப்பக்கம் இருந்தது.

வெளியே வந்ததும் அவன் இதைப் போகிற போக்கில் சொன்னான். நிதானம் நின்றார். பிறகு அம்மாவின் அறைக்கு விறுவிறுவென்று நடந்தார். அத்தான் இப்படி நடந்து பரபரப்பு பார்த்ததே இல்லை.

"அம்மா, கண்ணு கெட்டா எல்லாம் மங்கலா தெரியும். கறுப்புப் பட்டை தெரியாது," என்று தணிந்த குரலில் தொடங்கினார். "இவ்வளவு அகலமான திரையில படம் ஏன் குறுகி நிக்கணும்? இதே படம் இன்னொரு சதுரத் திரையிலயும் ஓடுது. அதோட அளவுக்கு ஒத்துப்போகத்தான் இது தன்னைச் சுருக்கிக்கிச்சு. படம் மங்கினதும் அதனாலதான். பக்கத்து ரூம்ல சதுரமா ஒண்ணு இருக்கு. செத்துப் போச்சாம். செத்தது எப்படிச் சுடும்? நாங்க வர்ற சத்தம் கேட்டு இப்பத்தான் திரையை அணைச்சிருக்கார்."

 அவசரப்பட்டு வயரில் கை வைத்த பரபரப்பை நிதானம் தடுத்தார். பங்குதாரரின் கதவுக்கு வெளியே போய் நிற்கச் சொன்னார்.

பரபரப்பு நின்றான்.  உள்ளே சத்தமே இல்லை. திடீரென்று நாற்காலி விழுந்தது. எதையோ வெடுக்கென்று பிடுங்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. யானையைப் படம் பிடித்துக்கொண்டிருந்த கைப்பேசி ஒரு கையிலும், பிடுங்கிய வயர் இன்னொரு கையிலுமாகப் பங்குதாரர் நின்றார். அவருக்குப் பின்னால் 'செத்துப்போன' மானிட்டர் வெளிச்சமாக எரிந்துகொண்டு, சிக்னல் இல்லை என்று புகார் சொல்லிக்கொண்டிருந்தது.

யானைப் படத்தின் மேல் அம்மாவைப் பெரிய எழுத்தில் ஒரே ஒரு வரி அடிக்கச் சொல்லியிருந்தார் நிதானம்: 'உங்கள் கதவுக்கு வெளியே ஆள் நிற்கிறது.'

அலமாரியை நகர்த்தினார்கள். ஏசி பைப்புக்காக எப்போதோ போட்ட ஓட்டை வழியாக டாக்கிலிருந்து அந்த வயர் சுவரைத் தாண்டிப் போயிருந்தது. பங்குதாரர் தலையைத் தூக்கவே இல்லை.

தம்பியை யாரும் கூப்பிடவில்லை, அவனாகவே வந்தான். கையில் ஒரு அட்டைப்பெட்டி, அதில் அவனுடைய உளி, அரம், தேநீர்க் கோப்பை. அக்கா சொல்லப்போவதை முன்பே தெரிந்துகொண்டு மூட்டை கட்டியிருந்தான். நிதானம் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். பரபரப்புக்குத் தம்பியின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

 இத்தனை நாள் அலமாரியில் வைத்துப் பூட்டிய லேப்டாப்பை அம்மா அவன் பக்கமாகத் தள்ளினார்.

"இன்னும் மங்கலாதான்டா தெரியுது. கொஞ்சம் பாரேன்."

அவன் குனிந்து பார்த்தான். கறுப்புப் பட்டைகள் போய், யானை திரை முழுக்கக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. பெட்டியைக் கீழே வைத்தான். அக்காவின் மூக்கிலிருந்து கண்ணாடியை மெல்லக் கழற்றினான்.

"இப்போ பாருக்கா."