எந்திரத்துக்கு நாக்கு இல்லை

"என் வேப் எங்கே மேவிஸ்?"

மாடிப்படியில் நின்று டெஸ்மண்ட் கேட்டபோது, அந்த மின்சிகரெட் கருவி அவன் மனைவி மேவிஸின் ஏப்ரன் பைக்குள்தான் இருந்தது. அவள் கெட்டிலை அடுப்பில் வைத்தாள். டெஸ்மண்டின் அக்கா எட்னா, கணவன் இறந்தபின் இந்த வீட்டோடு வந்துவிட்டவள், ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே தம்பி காதில் விழும்படி முணுமுணுத்தாள். மகளோடு சேர்ந்துகொண்டு இவள் நாடகம் ஆடுகிறாளாம்.

மேவிஸ் பின்முற்றத்துக்குப் போனாள். இங்கிலாந்தின் ஓல்ட்ஹாம் ஊர் மழை வழக்கம்போல் தூறிக்கொண்டிருந்தது. கருவியைத் திறந்து, திரவத்தைச் சூடாக்கிப் புகையாக்கும், பஞ்சு சுற்றிய பழைய காயிலைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். புதியதைத் திரவத்தில் நனைத்துப் பொருத்திக்கொண்டு உள்ளே வந்து, டீ டப்பாவுக்குப் பின்னால் இருந்து எடுப்பதுபோல் நீட்டினாள்.

டெஸ்மண்ட் அதை வாங்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தான். "நீ ஒளிச்சு வைக்கிறேன்னு அக்கா சொன்னப்ப நான் நம்பல. இப்ப நம்புறேன்."

அவள் கொதித்த கெட்டிலை இறக்கப் போனாள்.

பாவம், அவன் பக்கமும் நியாயம் இருந்தது. இளவயதிலிருந்து சிகரெட்டை ஊதித் தள்ளியவன். வேப்புக்கு மாறிய அந்தக் குளிர்காலத்திலேயே இருமல் போயிற்று. மூச்சிரைக்காமல் மாடி ஏறினான். அதனால் வேப்பும் கெடுதல் என்று எந்த ஆராய்ச்சி வந்தாலும் அவனுக்குத் தன்னைத் திட்டுவதுபோல் இருந்தது. யார் பணம் கொடுத்துச் செய்த ஆராய்ச்சி என்று முதலில் கேட்பான். பிறகு தன் பேர்பெற்ற கேள்விக்கு வருவான். சோதனைச்சாலையில் காய்ந்த பஞ்சை எரியவிட்டு, அந்தப் புகையை எந்திரத்தை வைத்து இழுத்தார்களாம், விஷம் வந்ததாம். எந்திரத்துக்கு நாக்கு இருக்கிறதா? மனுஷனாக இருந்தால் ஒரே இழுப்பில் காறித் துப்பியிருக்க மாட்டானா? வேப் கடையில் கூடும் சனிக்கிழமைக் கூட்டம் இதற்குக் கைதட்டும். அந்தக் கைதட்டலில் அவன் பத்து வயது குறைந்தவனாகிவிடுவான்.

மகள் ரோனா நெஞ்சு நோய் வார்டில் நர்ஸ். அந்த ஒரு சோதனையைப் பற்றி அப்பா சொல்வது சரிதான் என்று அவளே ஒப்புக்கொண்டாள். மற்ற ஆராய்ச்சிகளையும் படித்துப் பார் என்றாள். நான் மறுபடி சிகரெட் பிடித்துச் சாக வேண்டுமா என்று டெஸ்மண்ட் கத்தினான். அன்றோடு ரோனாவின் ஞாயிற்றுக்கிழமை வரவு நின்றது. அம்மா வாயைத் திறக்கவில்லை என்ற கோபம் அவளுக்கு.

ஆக, இரண்டு பக்கமும் மேவிஸ்தான் குற்றவாளி.

அவளுக்குத் தெரிந்தது வேறு யாருக்கும் தெரியாது. போன குளிர்காலத்துக் காய்ச்சலுக்குப் பிறகு ஒரு நாள், கூடத்திலிருந்து துணி கருகும் நாற்றம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் டெஸ்மண்ட் செய்தித்தாள் படித்தபடி நிம்மதியாக வேப்பை இழுத்துக்கொண்டிருந்தான். கருகியது அந்த வேப்புக்குள் இருந்த பஞ்சு. அவனுக்கு மணமும் போய்விட்டது, ருசியும் போய்விட்டது!

சொன்னால் அவனுடைய கேள்வியே அவனைப் பார்த்துச் சிரிக்கும். வெறுத்துப்போய் முனைக் கடையில் சிகரெட் வாங்கிவிட்டால்? அந்தப் பயத்தில்தான் அவன் எழுமுன் தினமும் காயிலை முகர்ந்து மாற்றினாள். ஒரே கட்டிலில் படுத்தும் அவளுக்குப் பேச ஆளில்லை.

எட்னாவின் பிறந்தநாளுக்கு, அத்தை வற்புறுத்தியதால் ரோனா வந்தாள். அன்று மேவிஸால் கருவியைத் தொட முடியவில்லை; முந்தின இரவே அவன் அதைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டான். மதியச் சாப்பாட்டின் நடுவில் பேச்சு எல்லோரும் எதிர்பார்த்த இடத்துக்கே போனது.

"நீயே சொல்லு ரோனா, எந்திரத்துக்கு நாக்கு இருக்கா?" என்று கேட்டு, ஜெயித்தவன் தோரணையில் டெஸ்மண்ட் வேப்பை இழுத்தான். கரிந்த கந்தலின் நெடி மேசை முழுக்கப் பரவியது. எட்னா இருமினாள். ரோனா மூக்கைப் பொத்தினாள். அவன் புன்னகையோடு இன்னொரு இழுப்பு இழுத்தான்.

"என்ன, எல்லாரும் அப்படிப் பாக்குறீங்க?"

"அப்பா..." ரோனாவின் குரல் இறங்கிப் போயிருந்தது. "பஞ்சு கருகுது. உனக்குத் தெரியலையா?"

அவன் கையிலிருந்ததைப் பார்த்தான். பிறகு மேவிஸைப் பார்த்தான். அவள் ஏப்ரன் பையிலிருந்து புதிய காயிலை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இதுக்குத்தான் எடுத்தேன் டெஸ்மண்ட். தினமும்."

எட்னா தலையைக் குனிந்துகொண்டாள். ரோனா எழுந்து வந்து தாயைக் கட்டிக்கொண்டு அழுதாள். "இத்தனை நாளா தனியாவாம்மா இதைச் சுமந்த? நான் உன்னைப் போய்த் திட்டினேனே..."

டெஸ்மண்ட் வேப்பை அணைத்து மேசைமேல் வைத்தான். பிறகு, ருசி போனது தனக்கும் தெரியும் என்றான். பஞ்சு கருகுவதுதான் தெரியாது. "கூட்டத்துல சொன்னா சிரிப்பானுங்க. உன்கிட்ட சொல்லலாம்னு எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்துது மேவிஸ். உன் சமையலை வெறுமனே முழுங்கிட்டு இருக்கேன்னு எப்படிச் சொல்ல?"

"உப்பே போடாத கிரேவியைப் பிரமாதம்னு சொன்னியே, அன்னிக்கே தெரியும்," என்றாள். சிரிக்கப் பார்த்தாள், அழுகைதான் வந்தது. ஒரு வீட்டில் இருவர் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்து, ஆளுக்கொரு மூலையில் தவித்திருக்கிறார்கள்.

டாக்டரிடம் நான் கூட்டிப்போகிறேன் என்றாள் ரோனா. அவன் தலையசைத்தான். வேப்பை விடுவதாக அவன் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

தட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. மேவிஸ் தன் நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அவன் முள்கரண்டியில் எடுத்ததைப் போன்ற ஒரு துண்டைத் தன் தட்டிலிருந்து எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"இது கேரட். இன்னிக்கு நல்ல இனிப்பு. ஓரத்துல கொஞ்சம் தீஞ்சிருக்கு, ஆனா நல்லா இருக்கு."

அவள் சொல்லச் சொல்ல, அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாக மென்றான்.